பாதி மீசை

வருசத்தில் ஒரு ராத்திரிதான்
எங்கள் கருமத்தம்பட்டிச் சந்தில் தறி நிற்கும்.
பதினாறும் நின்ற பிறகும்
காதுக்குள் கொஞ்ச நேரம்
அதுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.
அது அடங்கினால்தான் வாத்துப் படம்.

அதற்கு வேறு பேர் இருந்திருக்கும்.
அவினாசி பஸ் ஸ்டாண்டில்
முப்பது ரூபாய்க்கு அப்பா வாங்கின சிடி,
அட்டையை எலி தின்றுவிட்டது.
பனி கொட்டுகிற ஏதோ தேசம்.
கிறிஸ்துமஸ் நோம்பிக்கு அடித்துத் தின்ன
உயிரோடு ஒரு வாத்தை வாங்கி வருகிறான் தொந்திக்காரன்.
பிள்ளைகள் ஒளித்து வைக்கிறார்கள்:
துணி துவைக்கிற மிசினில்,
சாமியாரின் அங்கிக்குள்,
ஒரு தடவை கட்டிலில், போர்வை போர்த்தி,
அத்தைக்காரியின் குல்லாயும் மாட்டி.
தொந்திக்காரன் மதுரைத் தமிழ் பேசுகிறான்.
வாத்துக்கு மட்டும் யாரும் குரல் கொடுக்கவில்லை,
அது அதன் பாசையிலேயே இருக்கிறது.

கூடவே நாங்களும் பேசுவோம்.
"எங்கடா என் வாத்து?" என்று
அவன் வாயைத் திறக்கும் முன்னே
இன்னாசிப் பெரியப்பா கத்திவிடுவார்.
தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஆள்.
அவர் பாவசங்கீர்த்தனம் செய்தால்
கோயிலுக்கு வெளியே பன் விற்கிறவனுக்கும் கேட்கும்.

ஒரு மணி பத்தாவது நிமிசத்தில் கீறல்.
வாத்து சமையலறைக்குள் நுழையும்,
திரை கட்டம் கட்டமாய் உடைந்து நின்றுவிடும்.
அப்பா சிடியை எடுத்து வேட்டியில் துடைப்பார்,
ஊதுவார், போடுவார்.
நாலு நிமிசம் தாண்டிப் போய் விழும் படம்.
இப்போது தொந்திக்காரனுக்குப்
பாதி மீசைதான் இருக்கும்.

மீதி எப்படிப் போச்சு?
பதினோரு வருசம் பேசினோம்.
"வாத்து கொத்திப் புடுங்கிருச்சு" என்பார் பெரியப்பா.
"அடுப்புகிட்டக் குனிஞ்சிருப்பான், பொசுங்கிருக்கும்" என்பார் அப்பா.
ஒரு வருசம் பந்தயத்தில்
வெள்ளாட்டுக் குட்டியே கை மாறியது,
விடை தெரியாமலேயே. எப்படி என்று கேட்காதீர்கள்.

சமையலறையிலிருந்து அம்மாவும் ஏதோ சொல்வாள்.
எண்ணெயில் கச்சாயம் விழுகிற சத்தத்தில்
யாருக்கும் கேட்டதில்லை.

ஸ்டெல்லாக்காவைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த வருசம்
பெலிக்ஸ் மாப்பிள்ளை பென்டிரைவோடு வந்தார்.
"முழுப் படமுங் மாமா. கீறலே இல்லீங்."
பெரியப்பா வெத்தலையைத் துப்பிவிட்டு வந்து
நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி பத்து.
வாத்து நுழைந்தது. யாரையும் கொத்தவில்லை,
மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
தொந்திக்காரன் நாற்காலியில்
வாய் பிளந்து தூங்குகிறான்.
அவன் பெண்சாதி,
பதினோரு வருசமாய் நாங்கள் கவனித்தே இராத ஒருத்தி,
கழுவின ஏனங்களைக் கவிழ்த்துவிட்டுக்
கையைத் துடைக்கிறாள்.
கத்தரிக்கோலை எடுக்கிறாள்.
கிரிச்.
நின்றபடியே ஒரு துண்டு கேக் தின்கிறாள்.
தோள் மட்டும் குலுங்க
சத்தம் வராமல் சிரிக்கிறாள்,
ரொம்ப நேரம்.

எங்கள் வீட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"இதெத்தான நானு வருசா வருசம் சொல்லீட்டிருக்கறேன்."
கதவோரம், எண்ணெய் சொட்டும் கரண்டியோடு, அம்மா.
"சித்த அதெ இன்னொருக்கா போடுங்க, மாப்பிள்ளை."

அப்பாவின் கை
தன்னால் மீசைக்குப் போனது.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.
டவுன்லோடில் வேறு படம் எதுவோ கலந்துவிட்டதாம்.
அதனால் போன வருசமும் பழைய சிடிதான்.
கீறல் வந்ததும்
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து
எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து
அந்த உடைந்த கட்டங்களையே
பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்க.

படம் அப்படியே நின்றது.
துடைத்துப் போட ஆளில்லை.
தறிக்குடோனில் லைட் எரிகிறதா என்று
பார்க்கப் போயிருந்தார் அப்பா.